கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எங்கள் பங்குக் கோயிலின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை உண்டு. அழுகிற குழந்தைகளுக்காகக் கட்டியது. நாளடைவில் பேசுகிற, சிரிக்கிற, தும்முகிற குழந்தைகளையும் அதில் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கெட்டுப்போய் வெகுகாலம் ஆயிற்று. பலிபீடம் தெரியும், ஒரு சொல்லும் கேட்காது. சரிசெய்யச் சொன்னதற்குப் பங்குப் பேரவைத் தலைவர், "இதுங்களுக்குப் பிரசங்கம் புரியப்போகுதாக்கும்!" என்று சிரித்தார். அவருக்கு என் கணவர் வைத்த பெயர் 'உஷ்'.

கணவர் இறந்து ஒரு மாதம் நிறைந்த ஞாயிறு, அவருக்காகத் திருப்பலி. மன்றாட்டுகளை நான் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சபை, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். அடக்கத்துக்கு மகளைக் கூட்டிப்போக விடவில்லை. குழந்தை பயந்துவிடுவாள் என்று நாத்தனார் தடுத்துவிட்டாள். இந்தப் பதிலையாவது அவள் அப்பாவுக்காகச் சொல்லட்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தேன். ஐந்து வயது. குளிக்கும்போதும் தலை பின்னும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா, அப்பா பேரு எப்ப வரும்?"

"நான் மைக்குல சொல்வேன்டி. காதைத் தீட்டி வச்சுக்கோ."

"இப்பவா?"

முன்வரிசையிலிருந்து 'உஷ்' திரும்பிப் பார்த்தார்.

அவளை நாத்தனார் பக்கத்தில் விட்டுவிட்டு, பீடத்தருகே இருந்த மைக்குக்குப் போனேன். திருச்சபைக்காக வாசித்தேன். நோயாளிகளுக்காக வாசித்தேன். நிமிர்ந்தால், மகள் இருந்த இடம் காலி. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கோயில் கோடியில், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. மகளின் வாய் திறந்து திறந்து மூடியது. அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார் 'உஷ்'.

அடுத்த வரி என் கணவர் பெயர்.

"என் பிள்ளையை வெளிய விடுங்க" என்றேன், மைக்கிலேயே.

சாமியார் குரலைத் தாழ்த்தி, "வாசிங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம் பேச ஒண்ணுமில்ல ஃபாதர். அவ வராம அவ அப்பா பேரை வாசிக்க மாட்டேன்."

"தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்துச்சும்மா" என்று 'உஷ்' அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பூசைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அவ அப்பாவுக்குத்தான்யா பூசை! உமக்கு யாரு ஜெயில் வார்டன் வேலை குடுத்தது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் எழுந்தாள். விறுவிறுவென்று போய், அவரைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது விக்கல் கண்டிருந்தது. கணவரின் பெயரை வாசித்தேன். கோயில் முழுவதும் பதில் சொன்னது. அவள் வாயைத் திறந்தாள், விக்கல்தான் வந்தது. கலங்கிப்போய் என்னைப் பார்த்தாள்.

அடுத்த செபத்துக்காகச் சாமியார் கைகளை விரித்தார். நான் மைக்கை விட்டு நகரவில்லை. 'உஷ்'ஷை முறைத்துக்கொண்டே அந்தப் பெயரை மறுபடி வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். வேறு வழியில்லாமல் சபை ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது. கடைசியில் அவள் குரல் எழும்பியது. "ஆண்டவரே" என்று தொடங்கி நின்றாள்; மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தேடினாள். அவள் சொல்லி முடிக்கிறவரை, யாராவது வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று நின்றேன்.