துலுக்கானத்துக்கு வேண்டாத வெற்றி

தட்சிணாமூர்த்திக்குக் காது திரும்பி வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இப்படி வந்ததற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கத் தொடங்கி இருபத்தொரு நாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று நம்பிய மனுஷன். ஓய்வு பெற்ற நாலாம் வருஷம் இரண்டு காதும் சுத்தமாகப் படுத்துவிட்டன. மகன் சரவணக்குமார் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, காதுக்குப் பின்னால் கீறி உள்ளே ஒரு கருவியைப் பொருத்தச் செய்தான். புண் ஆறியதும் வெளியே மாட்டுகிற துண்டை மாட்டி, இயக்கிவிட்டார்கள். "என்னங்க, கேக்குதா?" என்றாள் மனைவி மங்களம். கிளி பேசுகிற மாதிரிதான் கேட்டது, ஆனாலும் கேட்டது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் மனுஷன் அழுதுவிட்டார்.

அழுத கையோடு மாங்காட்டு ஃப்ளாட்டுக்கு வந்து, தன் நாற்காலியில் சாய்ந்து, வீணைக் கச்சேரி ஒன்றைப் போடச் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனி. வீணையைக் காணோம். யாரோ தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வந்தது. வயலினைப் போட்டாலும் அதே தகரம், புல்லாங்குழலைப் போட்டாலும் அதே தகரம். ஸ்வரம் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்றே தெரியவில்லை. தோடிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாத காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று உடைந்துபோனார்.

வீட்டார் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு கட்டினார்கள்! சரவணக்குமார் புது ஸ்பீக்கர் வாங்கிவந்தான். அதிலும் தகரம். இடுப்பு உயரத்துக்கு இன்னொன்று வந்து இறங்கியது. அதில் பெரிய தகரம்.

காதுப் பயிற்சி கொடுக்கிற ஸ்வாதி என்ற பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "முதல்ல பேச்சு பழகட்டும் சார். பாட்டு மெதுவாத்தான் வரும், முழுசா வருமான்னு சொல்ல முடியாது. ஆனா தினமும் மாட்டியிருக்கணும். கழட்டி வெச்சுட்டீங்கன்னா பேச்சும் பழகாமப் போயிடும்." இவர் மண்டையில் ஏறியது அந்த 'சொல்ல முடியாது' மட்டும்தான். பத்தொன்பதாம் நாள் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டார். மங்களம் கெஞ்சினாள், அதட்டினாள், கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். காது கேட்காதவரிடம் பேசாமல் இருந்து என்ன பிரயோஜனம்? கடைசியில் நூம்பலுக்குப் போன் போட்டாள்.

நூம்பலில் இருப்பவர் துலுக்கானம். அதே கம்பெனியில் லோடிங் பிரிவு. வெளியே லாரியோடு நின்ற வேலை என்பதால் காது தப்பித்தது. ஊரில் சாவு விழுந்தால் கானா பாடக் கூப்பிடுவது அவரைத்தான். சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பாடுவார். தட்சிணாமூர்த்தி டிபன் பாக்ஸோடு போய் எதிரே உட்கார்ந்து வம்புக்கு இழுப்பார்.

"உன் கானாவுல தாளத்தை எடுத்துட்டா என்னய்யா மிஞ்சும்? வெறும் வசவு."

"உன் பாட்டுல தாளத்த எட்த்துட்டா பல்லுவலிக்காரன் மொனகற மாதிரி கீது சாரு, அதுக்கு இன்னா சொல்ற?"

ஒருமுறை கேன்டீனில் கை தூக்கச் சொல்லி ஓட்டே எடுத்தார்கள். கானாவுக்கு நாற்பத்தொன்று, கர்நாடகத்துக்கு மூன்று. "கை தூக்கி முடிவு பண்ண இதென்ன யூனியன் தேர்தலா?" என்று தட்சிணாமூர்த்தி ஒரே போடாகப் போட்டார். ராகம்தான் உயிர், தாளம் அதைத் தாங்குகிற முளைக்குச்சி என்பது அவர் கட்சி. தாளம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பது துலுக்கானம் கட்சி. முப்பது வருஷமாக அந்த வழக்கு முடியவில்லை.

அந்தத் துலுக்கானம்தான் அன்று காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தார். சோபாவில் சுருண்டிருந்த சிநேகிதரைப் பார்த்தார், இடுப்பு உயர ஸ்பீக்கரைப் பார்த்தார், மங்களத்திடம் திரும்பி என்னவோ சொன்னார். மங்களம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் இன்னொன்று சொன்னார். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

"என்ன சொல்றான்?" என்று கத்தினார் தட்சிணாமூர்த்தி.

ஒன்றுமில்லை என்று மங்களம் கையை ஆட்டினாள்.

வந்ததே கோபம்! இந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லி, தான் பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் விட்ட சரித்திரமே கிடையாது. இன்றைக்குத் தன் வீட்டில், தன் முன்னாலேயே, தன்னை என்னவோ சொல்லிவிட்டுத் தப்பிப்பதா? விடுவிடுவென்று போய் பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்தார். கருவியை மாட்டினார்.

"என்னய்யா சொன்னே? இப்ப சொல்லு!"

"ஒண்ணியும் இல்ல சாரு. இம்மாம் பெரிய டப்பாவ வாங்கியாந்து, அதும் மேல துண்டு காயப்போட்டுக்கினு கீறாரே, இதான் சங்கீதத்துக்குத் தர்ற மருவாதியான்னு கேட்டேன்."

குரல் வாத்து மாதிரி இருந்தது. ஆனால் ஒரு சொல் தவறவில்லை. திருப்பிக் கொடுக்க வாயெடுத்தவர், ஸ்பீக்கர் மேல் கிடந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் போச்சுய்யா துலுக்கானம். எதைக் கேட்டாலும் தகரம். இனிமே எனக்குப் பாட்டே கிடையாதுய்யா."

துலுக்கானம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஸ்பீக்கர் வந்த காலி அட்டைப்பெட்டி பால்கனியில் கிடந்தது. அதை இழுத்துவந்து கவிழ்த்து, எதிரே தரையில் குந்தி, தட்ட ஆரம்பித்தார்.

தட்சிணாமூர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு தகரத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒவ்வொரு அடியும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே இருந்தது. முதலில் நிதானமாக வந்தது, அப்புறம் துலுக்கானம் விரலை உருட்டி விரட்டினார், சட்டென்று நிறுத்தி மறுபடி எடுத்தார். எல்லாமே வந்தது. ஐயோ, அத்தனையும் கோணல்மாணல் இல்லாமல் வந்தது! தட்சிணாமூர்த்தியின் கை அவரைக் கேட்காமல் தொடையில் எண்ணிக்கை போட்டுக்கொண்டிருந்தது. இருபத்தொரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனதைப் போல மூச்சு தாராளமாக வந்தது. தன்னிடம் மிச்சம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"நிறுத்து, நிறுத்து! மூணாவது சுத்துல இழுத்துட்டே."

"இழுத்தது கேட்டுச்சா சாரு?"

"நல்லாக் கேட்டுது. கேவலமா இழுத்தே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "துலுக்கானம், நீ சொன்னதுதான் சரி. எல்லாம் போனப்புறமும் தாளம் நிக்குது பாரு. அதுதான் பெரிசு. நான் ஒத்துக்கறேன், உன் பாட்டு ஜெயிச்சுது."

முப்பது வருஷம் காத்திருந்த வார்த்தை! துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அந்த மனுஷன். அவரோ பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டார்.

"இன்னா சாரு, இப்புடிப் பொசுக்குன்னு ஜகா வாங்குற? ரிப்பேர் காதாண்ட ஜெயிச்சேன்னு சொன்னா ஊர்ல காறித் துப்ப மாட்டானுங்க? ரெண்டு பாட்டும் கேக்குற காது சொல்லணும் சாரு. ஒண்ணுதான் கேக்குதுன்னு ஒண்ண ஒஸ்தின்னு சொன்னா அது இன்னா தீர்ப்பு? எனக்கு வாணாம் இந்த ஜெயிப்பு."

"அந்த இன்னொண்ணு வராமலே போயிடுச்சுன்னா?"

"கேஸு அப்டியே கெடக்கட்டும். நான் இன்னா ஊட்ட உட்டு ஓடியா பூடுவேன்? நாளைக்கும் வரேன், அதுக்கு மறாநாளும் வரேன். நீ மிசின மாட்டிக்கினு குந்திகினு இரு. என்னாண்ட ஒழுங்காத் தோத்துட்டு அப்பால கழட்டு."

சொல்லிவிட்டு, கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, பெட்டியில் ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாடவே ஆரம்பித்தார். "காதுக்குள்ள மிசினு வெச்ச மூர்த்தி சாரு, நம்ம கானாவுக்கு ஆடுதுய்யா காலு பாரு!"

"ஸ்ருதி சேரலைய்யா!" என்றார் தட்சிணாமூர்த்தி.

துலுக்கானம் பாட்டை நிறுத்தினார். "உனக்குத்தான் சுதியே கேக்காதே சாரு. சேரலன்னு எப்புடித் தெரியும்?"

"இத்தனை வருஷத்துல நீ என்னிக்குய்யா சேர்ந்தே?"

"இன்னாது? அப்ப கேன்டீன்ல நாப்பத்தோரு பேரு கை தூக்கனானே, அவனுங்களுக்கெல்லாம் காது இல்லியா?"

"இல்லைன்னுதான் அன்னிக்கே சொன்னேன்!"

இருவர் குரலும் எதிர் ஃப்ளாட் வரைக்கும் போயிற்று. சமையலறையில் நின்றிருந்த மங்களம் "அப்பாடா, ஆரம்பிச்சுட்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.