பதினோராவது பாலம்

என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் பதினேழு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். காஷ்மீரில் ஒருநாள், முன்னால் போன வண்டி பாலத்தில் ஏறியதும் அடியிலிருந்த குண்டு வெடித்தது. இவர் கண்ணெதிரே மூன்று பேர் போய்விட்டார்கள். ஊருக்கு வந்தபின் ஐந்து வருஷம் ஸ்டியரிங்கையே தொடவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, ஜெபம் என்று எல்லாம் பார்த்து, போன மாசம்தான் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் மினிபஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தார்.

சேர்ந்தாரே தவிர, வழியிலிருக்கும் பதினோரு ஓடைப்பாலத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கிக் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். தினமும் அரைமணி லேட். பஸ் ஓனர் காசிநாதன் நல்ல மனுஷன்தான், அவருக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் வண்டி கிளம்பும்முன் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கும் லேட்டுன்னா வேற ஆள வெச்சுக்கறன் சார். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அன்றைக்கு நானும் ஏறி அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஜெபமாலை உருட்டினேன் என்று சொன்னால் பொய். எனக்கு அந்தப் பாலங்களைக் கட்டினவன்மேல்தான் கோபம்.

முதல் பாலத்தில் வண்டி நின்றது. ஒரு மாசத்தில் பஸ்ஸுக்கே அவர் கதை தெரிந்திருந்தது. மலைக்குக் கூலிவேலைக்குப் போகும் ரங்கம்மாள் எழுந்தாள்.

"நீங்க குந்துங்க டிரைவரே. நான் பாக்கறன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, குனிந்து பார்த்தாள். "ஒரு நண்டு கீது. வேற ஒண்ணுமில்ல. போலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரங்கம்மாள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு கியரைப் போட்டார்.

அடுத்த பாலத்தில், ரங்கம்மாளோடு கூலிவேலைக்குப் போகும் அமுதா ஜன்னலில் தலையை நீட்டி, "ஒண்ணுமில்லண்ணா, போங்க" என்றாள். அப்புறம் வண்டி நிற்கவேயில்லை. பாலம் வந்தால் மெதுவாகும், யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள், போகும். மேலே போகப்போக அமுதாவின் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

வெள்ளிமலையில் நிறுத்தியபோது ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது. பைக்கில் முன்னாலேயே வந்து நின்ற காசிநாதன் வாட்சைப் பார்த்தார். "டீ சொல்லட்டுமா சார்?" என்றார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கிரேஸு, கடைசிப் பாலத்துல யாரும் கொரல் குடுக்கல. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை.

"நானாவேதான் தாண்டி வந்தன்."

பட்டாளத்தில் கொடுத்த மெடல் பீரோவுக்குள் கிடக்கிறது, யாருக்கும் காட்டமாட்டார். இதை மட்டும் டீக்கடையில் நின்று காசிநாதனிடம் ஒருதரம், ரங்கம்மாளிடம் ஒருதரம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.