கதவில் ஒட்டிய காகிதம்

அப்பாவின் வாசல் கதவில் அந்தக் காகிதத் துண்டை ஒட்டியவள் மகள்தான். அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. மரக்கூழ்த் தாளில் கரி மையால் அச்சடித்த சர்க்யூட், பேட்டரி கிடையாது. கதவு அசையும்போது உண்டாகும் துளி மின்சாரத்திலேயே அவள் போனுக்குச் சேதி அனுப்பிவிடும். வேண்டாமென்றால் மண்ணில் போட்டுவிடலாம், சருகு மாதிரி மக்கிவிடும்.

ஒட்டிய புதிதில் கதவு எப்போதாவதுதான் திறந்தது. போகப் போக ஓயாமல் திறந்து மூடியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அம்மா இறந்த பிறகு வாயைத் திறக்காமல் கிடந்தவர், யாரோடோ பழக ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்கு மனசு லேசானது. போனில் பச்சைப் புள்ளி மின்னினால் போதும், அப்பா நன்றாக இருக்கிறார். கூப்பிட்டுப் பேசுவது வாரத்துக்கு ஒருமுறையாகி, பிறகு அதுவும் நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புள்ளி வரவேயில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அடுத்த ஊர்தானே என்று இருந்துவிட்டவள், கிடைத்த வண்டியில் அடித்துப் பிடித்துப் போய் இறங்கினாள்.

அப்பாவே கதவைத் திறந்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை. கதவில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

“அது எங்கப்பா?”

“பூந்தொட்டியில புதைச்சிட்டேன். மக்கிப்போகும்னு நீதானே சொன்னே?”

“போனையாவது எடுக்கக் கூடாதா? எனக்கு உசுரே போயிடுச்சு. தினம் அத்தனை பேர் வர்றாங்க, ஒருத்தர்கிட்டயாவது சொல்லிவிட்டிருக்கலாம்ல?”

“யாரு வர்றா?”

“கதவு அத்தனை தடவை திறக்குதே!”

அப்பா வாசலில் கிடந்த செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். “நான்தான் தொறந்து தொறந்து மூடினேன். தொறந்தா உனக்குத் தெரியும்னு சொன்னியே. என்னடா இது, இப்படித் தொறக்குதேன்னு கேக்க ஒரு போன் பண்ணுவேன்னு பாத்தேன்.” லேசாகச் சிரித்தார். “கீல் தேஞ்சதுதான் மிச்சம்.”

புதிதாக ஒட்டலாமென்று கைப்பையில் கொண்டுவந்திருந்த இன்னொரு காகிதத்தை அவள் வெளியே எடுக்கவில்லை.

“ஆமா, உன் வீட்டுக் கதவு எத்தனை தடவை தொறக்கும்?” என்றார் அப்பா.

அவள் யோசித்துப் பார்த்தாள். வேலைக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

“ரெண்டு தடவைப்பா. லீவு நாள்ல அதுவும் இல்ல.”

அப்பா நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, அவள் உட்கார இடம் பண்ணினார்.