எதிர்ச் சுவர்

சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்க நாலு பேரும் குனிந்தபோது, "கொஞ்சம் பொறுங்க" என்றான் மகன்.

குழியின் பக்கச் சுவரில் ஏதோ கண்ணை உறுத்தியது. மஞ்சள் மண்ணுக்கு நடுவே ஓடிய வெள்ளை மணல் பட்டை பாதியில் அறுந்து, ஒரு சாண் கீழே இறங்கி, மறுபடி ஓடியது.

அப்பா நிலவியலாளர். அணுமின் நிலையம் வரப்போகிற இடத்துக்கு அடியில் நிலப்பிளவு ஏதும் அசைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ட இடமெல்லாம் குழி வெட்டியவர். அலுவலகத்தில் அவருக்குக் குழிக்காரர் என்றே பெயர். பிளவு இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு அடியில்தான் போகிறது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் நெடுஞ்சாலை. தோண்ட மிச்சமிருந்தது இது ஒன்றுதான். கல்லறையைத் தோண்ட யார் விடுவார்கள்? ஆதாரம் இல்லை என்று விஷயத்தை மூடிவிட்டார்கள்.

"நான் செத்தாதான் அங்க தோண்ட விடுவானுங்க" என்று சொல்லி, இந்த மூலையில் தனக்கு இடம் வாங்கிப் போட்டார். கிழவருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். அவன் அந்த நிலையத்தின் கட்டுமானப் பொறியாளன். அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. மண்ணு சரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"எதிர்ச் சுவரையும் பாக்காம அப்படிச் சொல்லக்கூடாதும்பாரே."

சொல்வார்தான். பிறந்தநாள் கேக்கைக்கூட நிம்மதியாக வெட்ட விடமாட்டார்; அதன் அடுக்குகளைக் காட்டியும் இதே பாடம்தான். ஒரு சுவரில் மட்டும் பட்டை அறுந்திருந்தால் வெறும் சரிவு. இரண்டு சுவரிலும் ஒரே அளவுக்கு அறுந்திருந்தால் பூமியே நகர்ந்திருக்கிறது என்பார்.

எதிர்ச் சுவர் மண்வெட்டி தேய்த்து மெழுகி, பட்டை எதுவும் தெரியாமல் கிடந்தது. அது அப்படியே இருந்து தொலையட்டும் என்றுதான் அவன் மனம் அடித்துக்கொண்டது. பின்னால் கறுப்புக் கோட்டில் நின்ற, நிலையத்தின் தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டிக்குள் வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்த அப்பாவின் மண் சுரண்டும் கரணையை அம்மா நீட்டினாள்.

சட்டை போனால் போகிறது என்று இறங்கினான். மேலிருந்து கீழாக, அப்பா சுரண்டுவதுபோலவே சுரண்டினான். மெழுகல் உதிர்ந்து வெள்ளைப் பட்டை தெரிந்தது. அறுந்திருந்தது. சாண் வைத்துப் பார்த்தான். அதே ஒரு சாண்.

"ஐயோ, அப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"மேல வாங்க தம்பி" என்று தலைமைப் பொறியாளர் கை நீட்டினார். "எல்லாரும் நிக்கிறாங்க பாருங்க."

அவன் கையைப் பிடிக்கவில்லை. "நீங்க கீழ வாங்க சார். இத ஒரு தடவ பாத்துடுங்க."

"இங்க வேணாம்ப்பா. முதல்ல மூடுவோம். வேலைய அப்புறம் பேசிக்கலாம்."

"மூடிட்டா அப்புறம் யாரு சார் தோண்ட விடுவா?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

அம்மா பெட்டிமேல் கை வைத்தாள். "யோசிச்சு மெதுவா எறங்குங்க. இவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கயிற்றைப் பிடித்திருந்த நாலு பேரும் பெட்டியை மறுபடி பலகைமேல் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.