இடுப்பளவுத் தண்ணீர்

பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் முத்துவை இரண்டு ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். செத்துப் பதினைந்து வருஷம் ஆன மனிதன். உயிரோடு இருந்தபோது ரேஷன் கடை வரிசையில்கூட அவனை முன்னால் நிற்கவிட்டவர் கிடையாது. இப்போது பேனரில் நிற்கிறான். பின்னால் நீலக்கடல், தலைக்கு மேல் சிவப்பு எழுத்து: 'அக்கரை நாட்டான் கொன்ற மாவீரன். எல்லை கடப்போம், பழி தீர்ப்போம்.'

குப்பம்மாள் இறால் கூடையை இடுப்பில் இடுக்கியபடி அண்ணாந்து பார்த்தாள். எழுத்து அவளுக்கு அரைகுறை. படம் மட்டும் நன்றாகவே தெரிந்தது. முத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், தாடை எலும்பு புடைத்திருந்தது. டீக்கடை வாசலில் ஒருவர், "மூஞ்சில கோவத்தப் பாரு, எதிரிய மென்னு துப்பிடுவான் போல கீது" என்று மெச்சிக்கொண்டிருந்தார்.

அவன் கடித்திருந்தது எதிரியை இல்லை, பறியை. ஏரியில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். பிடித்ததைப் போட வேண்டிய ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். எப்போதோ ஏரியைப் பார்க்க வந்த பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்த ஒரே படம் அது. பேனர் அடித்த புண்ணியவான் பல்லிடுக்கில் இருந்த கயிற்றை அழித்து, தாடைக்குக் கீழே வெட்டி, வேறு உடம்பை ஒட்டிவிட்டான். பறி போய்விட்டது, கோபம் மட்டும் மிச்சம்.

இதை அங்கேயே நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அவளால் முடியவில்லை. இந்தப் பொய்யின் முதல் வரியைச் சொன்னவளே அவள்தான்.

முத்து செத்தது ஏரியில், நின்றால் இடுப்பளவு வரும் தண்ணீரில், பட்டப்பகலில், நெஞ்சுவலியில். அப்போது அவர்கள் ஆந்திரப் பக்கம், தடாவை ஒட்டி இருந்தார்கள். அவளுக்கும் அவனுக்கும் இரண்டு கை தூரம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய இறாலின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் பறி விழும், பிடித்ததெல்லாம் போகும் என்று பழகிய வாய் அவனுடையது. கடைசிவரை திறக்கவில்லை. அவள் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

பிறகு ஐந்து வயது பரத்தைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவில் இருந்த அக்கா கோவிந்தம்மாவிடம் வந்து சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்களின் அப்பாக்கள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். "சேறு துழாவி மவனே" என்று கூப்பிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்து, "நைனா எப்டிம்மா செத்துச்சு?" என்று கேட்டான். "உன் நைனா பெரிய போட்டுல ஆழ்கடலுக்குப் போச்சு கண்ணு. திரும்பி வரல" என்றாள். அன்றைக்கு அவன் அழுகை நின்றது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது பரத் பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் வருஷம். அங்கேதான் தமிழ்வேந்தன் அவனைப் பிடித்தான். கஞ்சி மொடமொடக்கும் சட்டை, செல்போனில் ஒரு சேனல், 'கடல் மீட்புப் படை' என்று ஒரு பெயர். அப்பா கடலில் போனதைப் பரத் சொன்னதும், "எந்தக் கடல் தம்பி? எல்லைப் பக்கமா?" என்று கேட்டானாம். "இருக்கலாம்ண்ணா" என்றானாம் இவன். இருக்கலாம் என்றது மறுவாரம் நிச்சயமாயிற்று. அதற்கு மறுவாரம் தேதி முளைத்தது, நேரம் முளைத்தது, சுட்ட துப்பாக்கியின் பெயர்கூட முளைத்தது. மூன்றே மாதத்தில் முத்துவுக்கு விசைப்படகும் வந்துவிட்டது. பாவம், உயிரோடு இருந்தவரை ஒரு துடுப்புக்கூட அவனுக்குச் சொந்தமில்லை.

அன்று சாயங்காலம் பரத் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். விடிந்ததும் வேன். தெற்கே போய், அங்கிருந்து ஆறு படகில் எல்லைக் கோட்டைத் தாண்டுவதாகத் திட்டம். முதல் படகில் தியாகியின் மகன்.

"போயி இன்னா பண்ணுவீங்க?" என்றாள் குப்பம்மாள்.

"எங்க மேல ஒரு கீறல் வுழுந்தா போதும்மா. நம்ம ராணுவம் பின்னாலயே பூந்துடும். அந்த நாடே நம்முளுது ஆயிடும்."

"எந்த ராணுவம் சொல்லிச்சு?"

"அண்ணன் சொன்னாரு."

"அங்க கீற ஜனம் வரச் சொல்லிச்சா?"

"அவங்க நம்ம பாஷ பேசறவங்கம்மா. காப்பாத்தத்தான் போறோம்."

"தடாவுல நம்மளச் சுத்தித் தெலுங்குதான். நீயே அப்பன நைனான்னுதான் சொல்ற. அதுக்கோசரம் ஆந்திராக்காரன் பத்து படகோட வந்து, தோணிரேவு எங்குளுதுன்னா உட்டுருவியா?"

பரத் இன்னொரு சட்டையை மடித்துப் பையில் திணித்தான். "அது வேற."

"இன்னா வேற?"

"அதெல்லாம் உடு. நைனாவச் சுட்டாங்களே, அதுக்கு இன்னா சொல்ற?"

எந்தப் பக்கம் மடக்கினாலும் அவன் வந்து நின்றுகொண்ட இடம் அதுதான். மற்றதெல்லாம் அவனுக்கே பாதி நம்பிக்கை. இதை மட்டும் முழுசாக நம்பினான், ஏனென்றால் இதன் முதல் வரியைச் சொன்னது அம்மா. யார் உடம்பில் அந்தக் கீறல் விழ வேண்டும் என்று தமிழ்வேந்தன் கணக்குப் போட்டிருக்கிறான் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். சொன்னால் பிள்ளை தன்னை வெறுத்துவிடுவான் என்ற பயம் பிடித்து உட்கார வைத்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். பொழுது அப்படியே போனது.

காலையில் ஏரிக்கரை மேடைக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். வீரத்தாய் ஆசீர்வாதம் செய்து வேனை அனுப்பி வைக்க வேண்டுமாம். கோவிந்தம்மா காதோடு சொன்னாள்: "வாய தொறந்துடாதடீ. புள்ள கைய உட்டுப் பூடும்."

"தொறக்கலன்னாலும் பூடும்க்கா."

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வேன் ஜன்னலில் பரத்தின் முகம் தெரிந்தது. அவனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"எம் புருசன் கடலுக்கே போனதில்ல. தடா பக்கம் ஏரியில எறா புடிச்சிக்கினு இருக்கறப்போ நெஞ்சு வலியில செத்துச்சு. யாரும் சுடல. நான் பக்கத்துலதான் இருந்தேன். நான் திரும்பிப் பாக்கல. பேனர்ல பல்லக் கடிச்சினு நிக்குதே, அது பறி கடிச்ச வாயி. கடல்ல போச்சுன்னு எம் புள்ளைக்குப் பொய் சொன்னது நானு."

தமிழ்வேந்தன் ஒரே எட்டில் வந்து மைக்கை வாங்கினான். மகா கெட்டிக்காரன், குரல் உடனே தழுதழுத்தது. "பார்த்தீர்களா தோழர்களே! கணவனைக் கொன்றான் அக்கரை நாட்டான். இன்று ஒரு தாயை மிரட்டி, அவள் வாயாலேயே அதை மறைக்க வைக்கிறான்!"

"யாரு மிரட்டினாங்க? நீ பாத்தியா?" என்று அவள் கத்தியது முன்வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அவ்வளவு கைத்தட்டல். அந்தக் கைத்தட்டலைக் கேட்டு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மேடையை விட்டுக் குதித்தே இறங்கினாள்.

பரத் வேனிலிருந்து இறங்கி வந்தான். அதுவரை அவள் மூச்சு விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் விட்ட மூச்சும் பாதியில் நின்றது.

"அவரு மூணு மாசமாப் பொய் சொன்னாரு. நீ பதிமூணு வருசமாச் சொன்ன. நான் யாரம்மா நம்பறது?"

"என்ன நம்பாத. பெரீம்மாவக் கேளு. தடாவுல பொதச்ச எடம் கீது, வா, காட்டறேன். பாத்துட்டு அப்புறம் என்ன இன்னா வேணாலும் பண்ணு."

அவன் பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். போகவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

அந்த நிம்மதி வேன் கிளம்பும்வரைதான் இருந்தது. பதினோரு பையன்கள், பதினோரு பனியனிலும் முத்துவின் முகம். பரத் காலி செய்த இடத்தில் அவன் சிநேகிதன் சந்தோஷ் உட்கார்ந்திருந்தான். குப்பம்மாள் கையால் நண்டுக் குழம்பு தின்று வளர்ந்தவன். முதல் படகு இனி அவனுக்கு.

பரத் சந்தோஷுக்குப் போன் போட்டான். "மச்சான், எறங்குடா. அம்மா சொல்றது நெசம்டா." அந்தப் பக்கம் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பரத் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொன்னான்?"

"அந்த நாட்டுக்காரங்க உன்ன வெலைக்கு வாங்கிட்டாங்களாம். அண்ணன் சொல்றாராம்."

"மறுபடி போடு."

"எடுக்க மாட்டான்."

"போடுடா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. பரத் மறுபடி போட்டான். நாலாவது தடவை எடுத்தார்கள். குப்பம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சந்தோஷு, வெச்சிடாத. நான் முத்து பொண்டாட்டி பேசறேன். உன் பனியன்ல கீதே, அந்த ஆளோட பொண்டாட்டி. எங்கடா கீறீங்க?"

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சின்னக் குரலில் வந்தது: "அனுப்பம்பட்டாண்ட ரயில் கேட்டு போட்டுட்டாங்க அத்த. நிக்கறோம்."

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள் குப்பம்மாள். "எல்லாரும் கேக்கட்டும்."