மைக்காரர் வீட்டுக் கூடம்

மூன்றாம் வெள்ளம் வந்த ஆண்டில் ஸ்கூட்டர் மெக்கானிக்கின் வீடு தரையை விட்டு மூன்று முழம் மேலே எழுந்து நின்றது. பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் எதுவும் இல்லாமல் நடந்தது. வெள்ளம் வீட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. கூடவே ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஜோடி சேராத இரண்டு செருப்புகளும் போயின. மெக்கானிக் வாசலுக்கு வந்து ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், அப்படியே தூக்கியபடி நின்றார். அதே வாரம் தக்காளி விலையும் தாறுமாறாக ஏறியிருந்ததால், நகரத்தின் மற்ற பகுதிகளில் இந்தச் செய்தி இரண்டாம் பட்சமாகத்தான் பேசப்பட்டது.

காரணம் பிடிபட அடுத்த மழைக்காலம் வரை ஆயிற்று. மண்ணின் தன்மை என்று சிலர் சொன்னார்கள், அடியில் வாயு சேர்ந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் மெக்கானிக்கின் மனைவிதான் உடைத்துச் சொன்னாள். எதற்கெடுத்தாலும் "பாத்துக்கலாம் விடு" என்கிற மனிதர், அன்றைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குடி. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வருது. என்ன செய்யறதுன்னே தெரியல" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டாராம். சொல்லி வாயை மூடவில்லை, வீடு கிளம்பிவிட்டது. கேட்டவர்கள் விடுவார்களா? ஆளாளுக்கு முயன்றுபார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் குடும்பத்தோடு வட்டமாக உட்கார்ந்து "பயமா இருக்கு, பயமா இருக்கு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஓடுகூட அசையவில்லை, கொட்டாவிதான் வந்தது. ஆனால் அடுத்த வாரம் அவருடைய மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, வயிற்றில் இருக்கிற பிள்ளையை இந்தத் தெருவில் எப்படி வளர்க்கப்போகிறேன் என்று தன்பாட்டுக்குச் சொன்னபோது, அவள் கையில் இருந்த தட்டு கீழே விழுவதற்குள் வீடு மேலே போயிருந்தது. உள்ளே இருப்பது உள்ளபடி வெளியே வந்தால்தான் எழும் என்பது அதோடு உறுதியாயிற்று.

எழுந்த வீடு அப்படியே நிற்காது என்பதையும் தெரு பட்டுத்தான் தெரிந்துகொண்டது. மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் மெக்கானிக் வீட்டில் யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, வீடு இறங்கி, அடியில் நிழலுக்கு நிறுத்தியிருந்த வாடிக்கையாளர் ஸ்கூட்டரை அப்பளமாக்கிவிட்டது. பயம் தூக்கிவிடும், தாங்கிப் பிடிக்காது. எனவே வீடு எழுந்த கையோடு கொத்தனாரை அழைத்து, அடியில் தூண் கட்டிவிடுவது வழக்கமாயிற்று. தூண் இறுகும்வரை வீட்டில் இருப்பவர்கள் பயம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிவியில் சிரிப்புக் காட்சி கூடாது. வாயாடி மைத்துனர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். "கொத்தனார் கீழ இருக்காரு, பல்லைக் காட்டாதீங்க" என்று பெரியவர்கள் அதட்டுவது அன்றாடப் பேச்சாகிவிட்டது. இப்படியே தெருவில் பாதி வீடுகள் தூண்மேல் ஏறிவிட்டன.

ஏறாத வீடுகளில் ஒன்று மைக்காரருடையது. நகராட்சியின் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அறிவிப்புச் சொல்வது அவர் வேலை. அனல்காற்று அடித்த கோடையிலும், குடிநீரில் உப்பு கரித்த ஆண்டிலும், மூன்று வெள்ளத்திலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "பொதுமக்கள் யாரும் அச்சப்படத் தேவையில்லை. நிலைமை கட்டுக்குள் உள்ளது." வழவழவென்ற குரல். அந்தக் குரல் தெருவைக் கடந்தால் அழுகிற குழந்தை நிறுத்தும், சண்டை போடுகிறவர்கள் எதற்கென்று மறந்துபோவார்கள். வீட்டிலும் அவருக்கு அதே பேச்சுதான். அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். "என்னங்க, துணியெல்லாம் பரண்ல…" என்று அவள் ஆரம்பித்தால், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று இவர் முடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாதி வாக்கியம் பேசியே பழகியிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு அடியில் கொத்தனார் குப்புறப் படுத்துப் பூசிக்கொண்டிருந்த ஒரு மதியம், மைக்காரரின் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. அவர் எப்போதும்போல் சொன்னார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் அத்தனை பேரும் தங்களை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டார்கள். வீடு இரண்டு சாண் இறங்கிற்று. கொத்தனாரின் கத்தல் ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. வலது பாதம் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் கத்திய கத்தலில் எல்லோரும் மறுபடி நடுங்க, வீடு மறுபடி எழ, இழுத்து வெளியே போட்டார்கள். மைக்காரர் கையில் மைக்கோடு ஆட்டோவை விட்டு இறங்கினார். தன் குரல் என்ன செய்யும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். அதே ஆட்டோவில்தான் கொத்தனாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். "உங்கமேல கோபம் இல்லண்ணே" என்றார் கொத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "குரல் அவ்வளவு நல்லா இருக்கு. அதான் வெனை."

அன்றிலிருந்து தெருமுனையில் டிரம்மை உருட்டிவைத்து ஆட்டோவை மறித்தார்கள். மைக்காரர் மெயின் ரோட்டில் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்துவந்தார். யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது புரிந்தது. ஆனால் வேறு எப்படிப் பேசுவது என்பதுதான் புரியவில்லை.

நான்காம் வெள்ளம் ஒரு நண்பகலில், அறிவிப்புக்குக்கூட நேரம் தராமல் வந்தது. தையல்காரி மெஷினை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, ஊரார் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகிற மகள் அவளுக்கு உதவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்ற மைக்காரர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும்…"

"இன்னைக்கு அந்த வார்த்தை வேண்டாங்க" என்றாள் தையல்காரி. "இன்னைக்கு நான் முழுசாப் பேசிக்கிறேன்."

பேசினாள். ஒவ்வொரு மழைக்கும் மகளைத் தூங்கவைத்துவிட்டுத் தான் விழித்திருந்ததை, ஈரச் சுவர் தன்மேல் விழுவதாகக் கனவு கண்டதை, இந்த வீட்டில் பயப்படக்கூட அனுமதி இல்லாததை, ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவளும் மகளும் நின்ற தையல் அறை எழுந்தது. அதையொட்டிய அடுக்களையும் எழுந்தது. கூடம் மட்டும் எழவில்லை. சுவர் மேலிருந்து கீழாக, கத்தரிக்கோல் வைத்ததுபோல நேராகப் பிரிந்தது. மனைவியும் மகளும் மேலே போக, மைக்காரர் கீழேயே நின்று, தன் தலைக்கு மேலே தன் வீட்டின் அடிப்பகுதியைப் பார்த்தார். வேர்கள் தொங்கின. அஸ்திவாரக் கல் ஒன்று ஈரம் சொட்ட வெளியே தெரிந்தது.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"அப்பா, சொல்லுங்கப்பா!" மகள் பிளந்த விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள்.

"என்னம்மா சொல்ல?"

"உள்ள இருக்கறதை!"

அவர் வாயைத் திறந்தார். "பொதுமக்கள் யாரும் அச்சப்பட…" என்றது வாய். தையல் அறை ஒரு குலுங்கு குலுங்கி அரைமுழம் இறங்கிற்று. மெஷின் மேசையிலிருந்து சரிந்தது.

"ஐயோ, வாயை மூடுங்க!" என்று அலறினாள் தையல்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மூடிக்கொண்டார். தண்ணீர் மார்புக்கு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்கென்று ஒரு வார்த்தை எங்காவது கிடக்கிறதா என்று தேடினார். தேடத் தேட ஆபீசில் எழுதிக்கொடுத்தவைதான் வந்தன. கட்டுப்பாடு, ஒத்துழைப்பு, முன்னெச்சரிக்கை. தண்ணீர் தாடையைத் தொட்டபோது அவர் மெல்லச் சொன்னார்:

"எனக்கு நீச்சல் தெரியாது."



"என்னது?" என்றாள் தையல்காரி.

"தெரியாதுடி. எப்பவுமே தெரியாது. முழங்கால் அளவு தண்ணியப் பாத்தாலே எனக்குப் பயம். அதான் வெள்ளத்துல ஆட்டோவ விட்டு இறங்கவே மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் அடிச்சிட்டுப் போனா எட்டிப் பிடிக்கக்கூட எனக்குத் துப்பில்ல." அதற்குமேல் குரல் உடைந்தது. வழவழப்பே இல்லாத, கீச்சென்ற குரல். அது யாருடையது என்று அவரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

கூடம் எழுந்தது. கதவு வழியாகத் தண்ணீர் கொட்டி வழிய, ஊறிப்போன பாயும் ஒரு காலண்டரும் வெளியேற, மைக்காரர் ஜன்னல் கம்பியோடு கம்பியாக மேலே வந்தார். ஆனால் மற்ற அறைகளின் மட்டத்துக்கு முழங்கால் அளவு குறைவாக வந்து நின்றுவிட்டது.

"இன்னும் என்னமோ வச்சிருக்கீங்க" என்றாள் தையல்காரி, கை கொடுத்து ஏற்றிவிட்டபடி.

"ஒரே நாள்ல எவ்வளவுதான் சொல்றது?" என்றார் அவர்.

கொத்தனார் ஊன்றுகோலோடு வந்து, உயரம் வேறு வேறான தூண்களைக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை மைக்காரர் கூடத்தில் உட்கார்ந்து, அதே கீச்சுக் குரலில் விடாமல் பயந்துகொண்டிருந்தார். தையல் அறையிலிருந்து கூடத்துக்கு இறங்க மூன்று படிகள் வைத்தார்கள். வந்த விருந்தாளிகளில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. ஐந்தாம் வெள்ளமும் ஆறாம் வெள்ளமும் வந்தன. கோடைகள் மேலும் நீண்டன. நகராட்சி அந்தத் தெருவின் வீட்டு எண்களைத் தூண்களில் எழுதியது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காலையில் பார்த்தபோது, கூடம் தூணை விட்டு இன்னும் ஒரு சாண் ஏறி நின்றது. முந்தைய நாள் சாயங்காலம் புருஷனும் பொண்டாட்டியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது மகளுக்குக் கேட்டது. என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கொத்தனார் வந்து தூண்மேல் இரண்டு வரிசை செங்கல் ஏற்றி, ஒரு படியை உடைத்து எடுத்துப்போனார். இல்லாத அந்தப் படிக்காகக் காலைத் தூக்கும் பழக்கம் மூன்று பேருக்கும் போக ஒரு மாதம் ஆயிற்று.