நாரைகளும் நல்லூர்க் கொடியும்

ஹைலன்ட் கிறீக் ஹெரன்ஸ் என்னும் பேஸ்போல் அணியின் ஆட்டங்களைக் காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஒரு பாடசாலைக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் நடுவேயுள்ள பூங்காவே அவர்களது மைதானம். கம்பிவேலிக்குப் பின்னால் அமர்ந்து பார்க்கச் சில அலுமினிய வாங்குகள் உண்டு. முன்வாங்கின் இடது முனை என்னுடையது. அங்கே வேறெவரேனும் அமர்ந்திருந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர் எழும்பும்வரை அருகிலேயே நிற்பேன். பெரும்பாலும் விரைவில் எழும்பிவிடுவர்.

ஹெரன்ஸ் என்றால் நாரைகள். பெயருக்கேற்பப் பல ஆண்டுகளாகப் பொறுமையாக நின்றார்களேயன்றி மீன் பிடித்தாரில்லை. எட்டு அணிகள் மோதும் அந்தக் கோடைகாலப் போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பெறுவோரே அரையிறுதிக்குச் செல்வர். நாரைகளோ ஐந்தாம் இடத்தில் வீடுகட்டிக் குடியிருந்தனர்.

என் மனைவி மங்கையற்கரசியின் தங்கை மகன் கிருபன் இவ்வணியில் ஆடுகிறான். மார்க்கம் நகரிலே கணினி நிறுவனமொன்றில் வேலை. மாலையில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்று பந்து பிடிக்கும் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன்தான் என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றான். அதன்பின் கிருபன் இரண்டு ஆட்டங்களுக்கு வராது விட்டிருக்கிறான். நான் ஒன்றுக்கும் வராது விட்டதில்லை.

எனினும் என் மனத்தைக் கவர்ந்தவர் கிருபன் அல்லர்; பந்தெறிபவராகிய மரியோ. வயது நாற்பதை அண்மித்தவர். வீடுகளுக்கு யன்னல் பொருத்துவது தொழில். இடக்கையால் எறிவார். அவர் பந்தில் வேகம் கிடையாது. துடுப்பாளரை நோக்கி நேராக வருவதுபோல் வந்து, கடைசிக் கணத்தில் ஏதோ மறந்துபோனதை எடுக்கத் திரும்புவதுபோல் வளைந்து செல்லும். வாட்டசாட்டமான இளைஞர்கள் வெறுங்காற்றை அடித்துவிட்டு, தம் மட்டையையே சந்தேகத்தோடு பார்ப்பர். அந்த முகங்களைக் காண்பதற்காகவே நான் மழையிலும் அமர்ந்திருக்கிறேன்.

மரியோவின் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. இந்தக் கோடையோடு தாம் விலகுவதாக வசந்தத்திலேயே அறிவித்துவிட்டார். இத்தனை ஆண்டுகள் எறிந்தும் ஓர் அரையிறுதியில் எறிந்தவர் அல்லர். ஒருமுறையேனும் எறிந்துவிட்டு ஓயவேண்டும் என்பது அவர் ஆசை. அதை முன்வாங்கிலிருந்து பார்த்துவிடவேண்டும் என்பது என் ஆசை.

மே மாதத்தில் முதல் ஆட்டத்தன்று மங்கை சுட்ட மட்டன் றோல்ஸைக் கிருபனுக்காகக் கொண்டுசென்றேன். அவன் நெரிசலில் அகப்பட்டுத் தாமதமாக வந்தமையால் மரியோ ஒன்றை எடுத்துத் தின்றார். அன்று மார்க்கம் அணி ஓர் ஓட்டமும் பெறவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவரே வேலியருகே வந்து, "அங்கிள், றோல்ஸ்?" என்றார். மீண்டும் வெற்றி. அதன்பின் அது சட்டமாயிற்று. ஆட்டம் தொடங்குமுன் ஒரே ஒரு றோல். என் கையால் கொடுக்கவேண்டும். எறியும் கையில் எண்ணெய் படாமல் வலக்கையால் வாங்கி நின்றபடியே தின்பார். பேஸ்போல் ஆடுவோர் இத்தகைய நியமங்களில் மிகக் கண்டிப்பானவர்கள். வெல்லும் காலத்தில் மரியோ காலுறையைக் கழுவமாட்டார். மைதானத்துக்குள் செல்லும்போது தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டை ஒருபோதும் மிதிக்கமாட்டார். வாய்க்காலைத் தாண்டுவதுபோல் தாண்டுவார்.

யூலை முடிவில் நாரைகள் இரண்டாம் இடத்தில் இருந்தனர். அப்போதுதான் மங்கை நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, புதன்கிழமை நல்லூர்க் கொடி. செவ்வாய் பின்னேரமே மச்சச் சட்டியளைக் கழுவிக் கீழை வைச்சிடுவன்."

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை; மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் அப்படியே, ரொறன்ரோவிலும் அப்படியே. ஆண்டுதோறும் வருவதுதான். ஆனால் இவ்வாண்டுபோல் அது என் நெஞ்சில் இடியாக என்றும் விழுந்ததில்லை.

"அப்ப மரியோவின்ரை றோல்ஸ்?" என்றேன்.

"மரியோவுக்கும் முருகனுக்கும் என்ன வழக்கு? சோயாமீற் போட்டுச் சுட்டுத் தாறன். அவனுக்கு வித்தியாசம் தெரியப்போகுதே?"

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆதலால் மரியோவிடம் ஒன்றும் சொல்லாமல் சோயா றோலைக் கொடுத்தேன். அவர் தின்றார், ஒரு கணம் வாயசைப்பதை நிறுத்தினார், பின் தின்று முடித்தார். அன்று பிக்கரிங் அணி அவரது பந்துகளைத் தரிப்பிடத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தது. ஒரு பந்து யாரோ ஒருவரின் வாகனக் கண்ணாடியையும் உடைத்தது.

ஆட்டம் முடிந்ததும் மரியோ வேலியருகே வந்தார். அவர் பேசியது ஆங்கிலம். எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"அங்கிள், இண்டைக்கு எதை மாத்தினீங்கள்?"

"ஒண்டும் இல்லையே. அதே அடுப்பு, அதே கை" என்றேன்.

அது பொய்யன்று, ஆனால் உண்மையும் அன்று. கிருபன் உடைமாற்றும் அறையில், "ப்ரோ, இட்ஸ் நல்லூர் சீசன். அன்ரி வீட்டிலை நோ மீற்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அன்றே அணி முழுவதும் ஒரு முடிவுக்கு வந்தது: ஆட்டிறைச்சி இல்லையேல் வெற்றி இல்லை. பயிற்றுநர் றிச்சர்ட் நிதானமான மனிதர். காப்புறுதி நிறுவனத்தில் பணிபுரிபவர். அவரே என்னைத் தனியே அழைத்து, இது பற்றி ஏதும் செய்யமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

செய்தேன். அடுத்த ஆட்டத்தன்று கடைக்குச் சென்று மட்டன் றோல்ஸ் வாங்கினேன். விரதகாலமாதலால் கையால் தொடாமல், கடைக்காரப் பெண்ணைக்கொண்டே பையில் போடுவித்து, வாகனத்தின் பின்பெட்டியில் வைப்பித்தேன். மைதானத்தில் கிருபனையே எடுக்கச் செய்தேன். மரியோ ஒரு கடி கடித்தார்.

"இது அன்ரியின்ரை இல்லை" என்றார். "நீங்களும் தரேல்லை."

அன்று மார்க்கம் அணி வென்றது. அதற்கடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. நாரைகள் ஐந்தாம் இடமாகிய தம் பழைய வீட்டுக்குத் திரும்பியிருந்தனர். எஞ்சியிருந்தது ஒஷாவா அணியுடனான ஓர் ஆட்டமே. வென்றால் அரையிறுதி, தோற்றால் மரியோவின் கடைசி நாள்.

அந்த ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல். அன்றுதான் நல்லூரில் தீர்த்தத் திருவிழா.

வெள்ளிக்கிழமை கடைக்குப் புறப்பட்ட மங்கை, வெறும் மரக்கறிப் பைகளை வைக்க வாகனத்தின் பின்பெட்டியைத் திறந்தாள். வீட்டினுள் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"கார் என்ன, விரதத்துக்கு வெளியிலையோ? ஆட்டுக்கடை மாதிரி மணக்குது."

"நான் தொடேல்லை, மங்கை."

"தொடேல்லையாம்! காலமை நெத்தி நிறையத் திருநீறு. பின்னேரம் மட்டன் றோல்ஸ் ஏத்தி இறக்குறார். முருகன் பின்பெட்டியைப் பாக்கமாட்டார் எண்டு நினைச்சனிங்களோ?"

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லையாதலால் நான் வெளிப்படையாகவே வாதாடத் துணிந்தேன். யாழ்ப்பாணத்து நேரம் எங்கள் நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது. எங்களுக்குச் சனிக்கிழமை விடியுமுன்னரே அங்கே சுவாமி தீர்த்தமாடி இருப்பிடத்துக்குப் போய்விடுவார். எனவே எங்கள் பிற்பகலில் திருவிழா முடிந்ததாகவே கொள்ளவேண்டும் என்றேன்.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மங்கை. "தீர்த்தம் முடிஞ்சாலும் வைரவர் மடை முடியாமல் இந்த வீட்டிலை மச்சம் ஏறாது. அதுக்கும் ஒரு நேரம் கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறியளோ?"

திருவிழாவின் நிறைவில் வைரவருக்குப் படைக்கும் அந்த மடையை நான் மறந்தே போயிருந்தேன். அவள் எதிரே நாற்காலியில் அமர்ந்தாள்.

"அந்த மனுசன் உண்மையிலையே றோல்ஸ் இல்லாட்டி எறியமாட்டானோ?"

"எறிவார். ஆனால் ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டு எறிவார்."

"சரி. நாளைக்கு நானும் வாறன்."

மூன்று ஆண்டுகளில் அவள் ஒருமுறையும் மைதானத்துக்கு வந்தவளல்லள். மறுநாள் பருத்திச் சேலையும் வெயிற்தொப்பியுமாக, உருளைக்கிழங்கும் லீக்ஸும் மிளகும் சேர்த்த றோல்ஸ் தட்டத்துடன் இறங்கினாள். நேரே சென்று முன்வாங்கின் இடது முனையில் அமர்ந்தாள். நான் அருகில் நின்றேன். அவள் எழும்பும் குறி தென்படவில்லை.

"கிருபன், உன்ரை மரியோவைக் கூப்பிடு."

மரியோ வந்தார். தட்டத்தைப் பார்த்ததும் கண்ணில் ஓர் ஒளி. கிருபன் "வெஜ், ப்ரோ" என்றதும் அது அணைந்தது. மங்கை அதைக் கவனிக்காதவள்போல் கிருபனைப் பார்த்தாள்.

"நீ மொழிபெயர். இவர் அந்த வெள்ளைக் கோட்டை மிதிக்கமாட்டாராம். ஏன் எண்டு கேள்."

கிருபன் கேட்டான். மரியோ தோளைக் குலுக்கினார். "நான் ஒருநாளும் மிதிச்சதில்லை, அன்ரி."

"மிதிச்சால் என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது எண்டுதான் நினைக்கிறன்." அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஆனால் மிதிச்சனான் எண்டு எனக்குத் தெரியும். எறியேக்குள்ளை அதுதான் மனசிலை நிக்கும்."

"அதுதான்" என்றாள் மங்கை. "எனக்கும் அதுதான். நல்லூரிலை கொடி நிக்கேக்குள்ளை மச்சம் சமைச்சால் முருகன் ஒண்டும் செய்யமாட்டார். ஆனால் எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் நான் என்ரை கோட்டை மிதிக்கேல்லை. மிதிக்காத கையாலைதான் இதைச் சுட்டனான். சொல்லடா அவருக்கு."

கிருபன் சொன்னான். வழக்கமாக இடையிடையே சிரிப்பவன், அன்று சிரிக்காமற் சொன்னான். மரியோ மங்கையை நோக்கித் திரும்பினார். பின் தொப்பியைக் கழற்றினார்.

"அன்ரி, இதைச் சாப்பிட நான் ஏதாவது செய்யவேணுமோ?"

"கையைக் கழுவச் சொல்லு. யன்னல் பூட்டுற கை."

மரியோ குழாயடிக்குச் சென்று கைகழுவி வந்தார். அவரைக் கண்டு மற்றவர்களும் வரிசையாகச் சென்று கழுவினர். றிச்சர்ட் கடைசியாகக் கழுவினார். மங்கை ஒவ்வொருவர் கையிலும் ஒரு றோல் வைத்தாள்.

"முருகனிட்டை வெல்லவேணும் எண்டு கேட்டனீரோ?" என்று மெதுவாக வினவினேன்.

"அதெப்பிடிக் கேக்கிறது? ஒஷாவாவிலையும் எங்கடை சனம் இருக்கு. அவையும் கும்பிட்டிருப்பினம். அவர் யாருக்கெண்டு செய்யிறது?"

மரியோ வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே சென்றார். முதற்பந்து வளைந்தது. நான் மூச்சு விட்டேன்.

அந்த ஆட்டத்தை நான் ரசித்தேன் என்று சொல்ல இயலாது. மங்கைக்கு விளக்கம் கூறுவதிலேயே பெரும்பகுதி கழிந்தது. துடுப்பாளர் அடிக்காமல் நின்றபோது, "உவன் ஏன் பேசாமல் நிக்கிறான், காசு குடுத்தவையோ?" என்றாள். பந்து வேலிக்கு வெளியே பக்கவாட்டில் சென்றபோது கைதட்டினாள். அது ஒஷாவாக்காரர் அடித்த பந்து என்றதும், "நல்லா அடிச்சால் ஆரெண்டாலும் தட்டத்தானே வேணும்" என்றாள். ஐந்தாம் சுற்றுக்குப்பின் விளக்கம் கேட்பதை நிறுத்தினாள். ஏழாம் சுற்றில் நடுவரைப் பார்த்து, "கண் தெரியேல்லையே, தம்பி!" என்று எழும்பிக் கத்தினாள்.

ஒன்பதாம் சுற்று வந்தது. நாரைகள் மூன்று ஓட்டம், ஒஷாவா இரண்டு. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்திருந்தனர்; மூன்றாமவரும் இழந்தால் வெற்றி நாரைகளுக்கு. ஒருவர் மூன்றாம் தளத்தில் நின்றார். அவர் ஓடிவந்து சேர்ந்தால் ஆட்டம் சமம். மரியோ தோளைப் பிடித்துக்கொண்டார். றிச்சர்ட் வெளியே வந்து ஏதோ கேட்டார். மரியோ தலையசைத்து மறுத்தார்.

"மாத்தப்போயினமோ?" என்றாள் மங்கை.

"இல்லை. தானே எறியப்போறார்."

"எறியட்டும்."

எறிந்தார். பந்து வழக்கம்போல் வந்து வழக்கம்போல் திரும்பியது. ஆனால் துடுப்பாளரும் காத்திருந்து அடித்தார். தரையோடு சீறிச் சென்ற பந்தைக் கிருபன் பாய்ந்து மடக்கி, முழந்தாளில் நின்றபடியே முதலாம் தளத்துக்கு எறிந்தான். அடித்துவிட்டு ஓடியவரின் கால் படுவதற்கு அரைக்கணம் முன் பந்து அங்கே இருந்தது.

நாரைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். மரியோ மட்டும் விழவில்லை. மைதானத்தின் நடுவில் முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு நின்றார். பின்னர் நடந்து வந்து, கோட்டைத் தாண்டி, வேலியில் விரல்களைக் கோத்தார்.

"அன்ரி, அடுத்த சனிக்கிழமை ஹமில்ற்றனோடை அரையிறுதி. இதே றோல்ஸ்."

"அப்ப விரதம் முடிஞ்சிடும் எண்டு சொல்லு, கிருபன். மட்டனே சுட்டுத் தருவன்."

கிருபன் மொழிபெயர்த்து முடிக்குமுன்னரே மரியோவின் முகம் மாறியது. "இல்லை, இல்லை! வெல்லேக்குள்ளை ஒண்டையும் மாத்தப்படாது. நாங்கள் தோக்கிறவரைக்கும் நானும் மச்சம் தொடமாட்டன்." மற்றவர்களும் பின்னால் நின்று, தாமும் அவ்வாறே என்று ஆரவாரித்தனர். றிச்சர்டும் கையை உயர்த்தினார்.

வைரவர் மடையும் முடிந்தது. ஒரு மாதமாக என் கனவில் வந்துகொண்டிருந்த ஆட்டிறைச்சிக் குழம்பை எண்ணியபடி மதியம் மேசைக்கு வந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் இருந்தன.

"மச்சச் சட்டி இன்னும் கீழைதானோ?" என்றேன்.

"பொடியள் எல்லாம் சத்தியம் பண்ணியிருக்குதுகள். நீங்கள் மட்டும் இஞ்சை இருந்து ஆடு தின்னப்போறியளோ? நாரையள் தோக்குமட்டும் இந்த வீட்டிலை மரக்கறிதான்."

அரையிறுதியில் வென்றால் இறுதிப்போட்டி. அது ஐந்து ஆட்டங்கள். செப்ரெம்பர் முடியும்வரை நீளும். என் அணி வெல்லவேண்டும் என்று இத்துணைத் தியாகத்துடன் விரும்பிய ரசிகன் ஒருவன் இந்நாட்டில் வேறு இருப்பானோ அறியேன்.

மங்கை எதிரே அமர்ந்து கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹமில்ற்றன்காரரிலை இடக்கையாலை அடிக்கிறவை எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"அவையளுக்கு மரியோவின்ரை பந்து கஷ்டம்தானே?"

"சரியான கஷ்டம்."

"பின்னை என்ன" என்றாள் அவள், என் தட்டில் இன்னும் ஓர் அகப்பை கத்தரிக்காயை வைத்தபடி.